இழுத்த சவரக்கத்தி வழிக்கு வந்த விதம்

என் மடக்குச் சவரக்கத்தி மயிரை மழிக்காமல் பிடித்து இழுத்ததால், முதலில் தோல்வாரில் தீட்டிப் பார்த்தேன், பயனில்லை. தோல்வார் இருக்கும் கூர்மையைச் சீர்படுத்துமே தவிர, மழுங்கிய வாய்க்குப் புதுக்கூர் தராது. விளக்கின் கீழ்த் திருப்பிப் பார்த்தபோது வாய் நெடுக வெள்ளைக்கோடு ஒன்று மின்னியது. கூரான வாயில் அப்படி மின்னாது. ஆகவே 1000 கிரிட் (கல்லின் நயத்தைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூட நயமும் கூடும்) நீர்க்கல்லை, அதாவது நீர்விட்டுத் தீட்டும் சாணைக்கல்லை, நனைத்து, கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியுமாறு கிடத்தி, வாய் முன்செல்லும்படி அழுத்தமின்றித் தள்ளினேன். முதுகின் தடிப்பே கோணத்தை நிர்ணயித்துவிடுவதால் கைக்கணக்குத் தேவையில்லை. இதை வடிவமைத்தவர் கெட்டிக்காரர்தான். கோடு மறைந்தபின் 4000, 8000 கற்கள். இறுதியாக, முதுகு முன்செல்லத் தோல்வார். வாரின் முனையில் கத்தியை முதுகின்மேல்தான் புரட்ட வேண்டும். இல்லையேல் வார் அறுபடும், கூரும் கெடும். இப்போது ஈரம் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி, குளியலறைக்கு வெளியே வைக்கிறேன்.