வாசலில் நிற்கும் நாடுகள் செய்யும் தவறுகள்

2008 ஏப்ரலில் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் கூடிய, மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோவின் உச்சி மாநாடு, தன் அறிக்கையின் 23-ஆம் பத்தியில் உக்ரைனும் ஜார்ஜியாவும் உறுப்பு நாடுகள் ஆகும் என்று எழுதியது. எப்போது என்று எழுதவில்லை. அடுத்த படி, சேரத் தயாராகும் நாட்டுக்கு வகுத்துத் தரும் ‘உறுப்பினர் செயல்திட்டம்’ என்றார்கள். ஜெர்மனியும் பிரான்சும் தயங்கியதால் அதையும் அன்று தரவில்லை. நான்கே மாதங்களில் ஜார்ஜியாவில் போர் மூண்டது.

சேர விரும்பும் நாடுகள் செய்யும் முதல் தவறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம்பி, ஒவ்வொரு கூட்டத்திலும் தேதியை மட்டுமே கேட்கிறார்கள். கூட்டணி எதை அச்சுறுத்தலாகக் கருத வேண்டும், எதற்குத் தயாராக வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அந்தப் பேச்சு தேதிக் கோரிக்கையின் அடியில் புதைந்துபோகிறது.

இரண்டாவது, தாமதம். நேட்டோவில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லாமே ஒருமித்த முடிவு. வரைவு ஒன்றைச் சுற்றுக்கு விட்டு, கெடு முடிவதற்குள் எந்த உறுப்பு நாடும் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அது ஏற்கப்பட்டதாகக் கொள்வது அங்குள்ள வழக்கம். இதை ‘மௌன நடைமுறை’ என்கிறார்கள். வெளியில் இருக்கும் நாட்டுக்கு அந்த மௌனத்தைக் கலைக்கும் உரிமை இல்லை. ஆகவே அது பேச வேண்டிய காலம், வரைவு எழுதப்படுவதற்கு முந்தைய மாதங்கள். கூட்டணியின் நோக்கங்களை வரையறுக்கும் ஆவணமான 2010-ஆம் ஆண்டின் வியூகக் கோட்பாட்டுக்காக, அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் தலைமையிலான நிபுணர் குழு பல நகரங்களில் கருத்தரங்குகள் நடத்தியது. அத்தகைய கூட்டங்களுக்கு ஆதாரங்களோடு ஓர் அதிகாரியை அனுப்புவது, உச்சி மாநாட்டு நாளில் அதிபர் ஆற்றும் உரையைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

வாஷிங்டன் கைகொடுத்தால் போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. என் கணக்கில் இதுவே மிகவும் விலை உயர்ந்தது. உக்ரைன் 2017-இல் கொண்டுவந்த கல்விச் சட்டம், சிறுபான்மை மொழிகளில் பயிற்றுவிப்பதைக் கட்டுப்படுத்தியது. அங்கே ஹங்கேரிய மொழி பேசுவோரைக் காரணம் காட்டி, நேட்டோ–உக்ரைன் ஆணையத்தின் அமைச்சர் நிலைக் கூட்டங்களை உறுப்பு நாடான ஹங்கேரி ஆண்டுக்கணக்கில் தடுத்தது. பள்ளிக்கூடப் பாடமொழி பற்றிய ஒரு சச்சரவு, போர் நடந்துகொண்டிருந்த நாட்டின் பாதுகாப்புப் பேச்சையே முடக்கியது. மாசிடோனியாவின் கதையும் இதுதான். தன் பகுதி ஒன்றுக்கும் மாசிடோனியா என்றே பெயர் என்ற தகராறில் உறுப்பு நாடான கிரீஸ் 2008-இல் குறுக்கே நின்றது. 2018-இல் கிரீஸுடன் செய்துகொண்ட பிரெஸ்பா ஒப்பந்தப்படி ‘வட மாசிடோனியா’ என்று பெயரை மாற்றிக்கொள்ள உடன்பட்ட பிறகுதான் 2020-இல் கதவு திறந்தது.

படைகளை அனுப்பினால் செல்வாக்கு தானாக வந்துவிடும் என்பதும் தப்புக் கணக்கு. இதைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் ஜார்ஜிய வீரர்கள் போரிட்டார்கள். 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். உறுப்பு நாடாக இல்லாமலேயே அவ்வளவு பெரிய பங்களிப்புச் செய்த நாடுகள் மிகக் குறைவு. அந்தத் தியாகத்துக்கு மரியாதை கிடைத்தது. ஆனால் ஜார்ஜியா கவலைப்பட்டது கருங்கடலைப் பற்றி; அது போரிட்டது ஹெல்மண்டில். கருங்கடல் பற்றித் தன்னிடம் இருந்த அறிவையும் அதே முனைப்போடு அது முன்வைத்திருக்க வேண்டும்.

எஸ்டோனியா வேறு வழியில் போனது. 2004-இல் நேட்டோவில் சேர்ந்த கட்டத்திலேயே, இணையப் பாதுகாப்புக்கு ஒரு மையம் வேண்டும் என்ற யோசனையை அது முன்வைத்தது. 2007 வசந்தத்தில் அதன் தலைநகர் தாலினில் ஒரு சோவியத் காலப் போர்ச் சின்னத்தை இடம் மாற்றியதை ஒட்டி, வங்கிகள், செய்தித் தளங்கள், அரசுத் தளங்கள் எல்லாம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. அப்போது எஸ்டோனியாவின் கையில் யோசனை தயாராக இருந்தது. 2008 மே மாதம் அந்த மையம் தாலினிலேயே உருவானது. 2014-இல் வேல்ஸ் உச்சி மாநாடு, ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல் என்று சொல்லும் ஐந்தாம் பிரிவின் கீழ் இணையத் தாக்குதலும் வரக்கூடும் என்று ஏற்றுக்கொண்டது.

பின்லாந்து 2023 வரை உறுப்பு நாடு அல்ல. ஆனாலும் போரும் அமைதியும் அல்லாத கலப்பு அச்சுறுத்தல்களை ஆராயும் ஐரோப்பிய மையம் 2017-இல் ஹெல்சிங்கியில் தொடங்கியது. கட்டாய ராணுவச் சேவை, நிலத்தடிப் பாதுகாப்பிடங்கள் எனப் பல பத்தாண்டுகள் சேர்த்துவைத்த அனுபவத்தைப் பின்லாந்து பிறர் பயன்படுத்தும் வடிவில் கொடுத்தது.

அண்டை நாட்டை முந்த வேண்டும் என்ற நினைப்பும் வேண்டாம். 2000-இல் நேட்டோவில் சேர விரும்பிய ஒன்பது நாடுகள் லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் கூடி ஒரே குரலில் பேசின. அவற்றில் ஏழு 2004-இல் ஒன்றாகச் சேர்ந்தன.

உக்ரைனும் இப்போது அறிவைக் கொடுக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் நேட்டோவும் உக்ரைனும் கூட்டாக ஓர் ஆய்வு, பயிற்சி மையத்தைத் திறந்தன. போர்முனையில் உக்ரைன் கற்ற பாடங்களை அங்கே உக்ரைன் அதிகாரிகளும் கூட்டணி அதிகாரிகளும் சேர்ந்தே ஆராய்கிறார்கள்.