கூ சென், குவா சூ: சீன ஜாதகத்தில் தனிமை நட்சத்திரம் பார்ப்பது எப்படி?

ஆணுக்குக் கூ சென் ஆகாது, பெண்ணுக்குக் குவா சூ ஆகாது என்பது சீன ஜோதிடத்தில் வழிவழியாக வரும் பேச்சு. 'கூ' என்றால் தகப்பனை இழந்த பிள்ளை, 'குவா' என்றால் கைம்பெண். பெயரே வயிற்றைக் கலக்கும். ஆனால் நட்சத்திரம் என்கிறார்களே என்று வானத்தில் தேட வேண்டாம். பிறந்த வருடத்தின் விலங்கை வைத்து எண்ணிப் பிடிக்கிற கணக்கு இது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு வரும் சீன ஜாதக முறையின் பெயர் 'பா ட்ஸி'; எட்டு எழுத்து என்று பொருள். வருடம், மாதம், நாள், நேரம் என நான்கு தூண்கள். ஒவ்வொன்றிலும் மேலே ஓர் எழுத்து, கீழே ஓர் எழுத்து. நமக்கு வேண்டியது கீழே உள்ள நான்கு மட்டும். அவற்றை விலங்குப் பெயரால் சொல்வது வழக்கம். வரிசை இது: எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி.

படி 1: வருட விலங்கு

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பா ட்ஸியில் வருடம் மாறுவது சீனப் புத்தாண்டன்று அல்ல; 'லி சுன்' எனும் வசந்தத் தொடக்கத்தில், பிப்ரவரி 4 வாக்கில். 1986 பிப்ரவரி 6 அன்று பிறந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் புத்தாண்டு பிப்ரவரி 9. அதனால் வீட்டில் "எருது வருடம்" என்றே சொல்லி வளர்த்திருப்பார்கள். பா ட்ஸி கணக்கில் அவர் புலி. எருது என்று போட்டால் அவருடைய மாதத் தூணில் கூ சென் வந்து உட்காரும்; புலி என்று சரியாகப் போட்டால் அது அங்கே இருக்காது. இல்லாத தோஷத்துக்குப் பரிகாரம் தேட வேண்டியதாகிவிடும்.

படி 2: முன்னும் பின்னும்

பன்னிரண்டையும் பருவத்துக்கு மூன்றாகப் பிரியுங்கள். தன் மூவருக்கு அடுத்து வரும் விலங்கு கூ சென், முந்தையது குவா சூ.

பன்றி, எலி, எருது: கூ சென் புலி, குவா சூ நாய்
புலி, முயல், டிராகன்: கூ சென் பாம்பு, குவா சூ எருது
பாம்பு, குதிரை, ஆடு: கூ சென் குரங்கு, குவா சூ டிராகன்
குரங்கு, சேவல், நாய்: கூ சென் பன்றி, குவா சூ ஆடு

கூ சென்னாகப் புலி, பாம்பு, குரங்கு, பன்றி தவிர வேறெதுவும் வராது. குவா சூவாக எருது, டிராகன், ஆடு, நாய் மட்டுமே வரும். வேறு விலங்கு வந்தால் எண்ணியதில் பிழை.

படி 3: மற்ற மூன்று தூண்கள்

படி 2இல் கிடைத்த இரண்டு விலங்குகளில் ஏதாவது மாதம், நாள், நேரம் என்ற மூன்றில் எங்காவது வந்தால், அந்த நட்சத்திரம் ஜாதகத்தில் இருக்கிறது என்று பொருள்.

மாதம்: புலி மாதம் பிப்ரவரி 4 வாக்கில் தொடங்கும். அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தை ஒட்டி விலங்கு மாறும்.

நாள்: 2000 ஜனவரி 1 குதிரை நாள். பிறந்த தேதிக்கும் அதற்கும் இடைப்பட்ட நாட்களை 12ஆல் வகுத்து, மீதி எவ்வளவோ அத்தனை இடம் குதிரையிலிருந்து நகருங்கள். 2000க்கு முன் பிறந்தவருக்குப் பின்னோக்கி, பிறகு பிறந்தவருக்கு முன்னோக்கி.

நேரம்: இரவு 11 முதல் 1 வரை எலி, பிறகு இரண்டிரண்டு மணி நேரம். (இரவு 11க்கே நாள் மாறும் என்பார் உண்டு, 12க்குத்தான் என்பாரும் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் பிறந்தவருக்கு இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.)

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 1990 ஆகஸ்ட் 20, செங்டு நகரம், கடிகாரத்தில் காலை 10:20. வருடம் குதிரை, ஆகவே கூ சென் குரங்கு, குவா சூ டிராகன். ஆகஸ்ட் 8க்குப் பிறகு என்பதால் மாதம் குரங்கு, அதாவது கூ சென் அங்கே இருக்கிறது. 2000 ஜனவரி 1 வரை 3,421 நாட்கள், மீதி 1, குதிரைக்கு முந்தைய பாம்பு நாள்.

நேரத்தில்தான் சிக்கல். சீனாவில் 1986 முதல் 1991 வரை கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதைக் கழித்தால் 9:20. நாடு முழுவதற்கும் ஒரே நேரம், 120 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. செங்டு இருப்பது 104 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் வீதம் 64 நிமிடம் கழிக்க, 8:16. பாம்பு நேரம் என்று தோன்றியது டிராகன் நேரமாகிவிட்டது. குவா சூவும் வந்துவிட்டது! ஊர் நேரத் திருத்தத்தைச் செய்யாத ஜோதிடர்களும் இருக்கிறார்கள். ஒரே ஜாதகத்துக்கு இரண்டு பலன் கிடைக்க இதுவும் ஒரு காரணம்.

படி 4: எவ்வளவு கனம் கொடுப்பது?

மாதத் தூண் பெற்றோர், உடன்பிறந்தோர், நாளின் கீழ் எழுத்து வாழ்க்கைத்துணை, நேரம் பிள்ளைகள். மேலே பார்த்தவருக்குத் துணையின் இடத்தில் பாம்பு. இரண்டு நட்சத்திரமும் அங்கே இல்லை. தவிர, பாம்பும் குரங்கும் ஒன்றோடொன்று சேரும் ஜோடி. அப்படிச் சேர்ந்தால் கூ சென்னின் வேகம் தணியும் என்று வாசிப்பவர்கள் பலர்.

பதறுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. விலங்குகள் சமமாக விழுகின்றன என்று வைத்துக்கொண்டால், மூன்று தூணில் எங்காவது இந்த இரண்டில் ஒன்றாவது விழ நூற்றுக்கு 42 பேருக்கு வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கிற ஒன்றை மட்டும் வைத்துக் கல்யாணத்தைத் தட்டிக்கழிப்பது சரியான வாசிப்பல்ல. வருடத்தை மையமாக வைத்த பழைய முறையின் மிச்சம் இது. சீனாவின் சோங் அரச வம்சக் காலத்துக்குப் பிறகு நாளின் மேல் எழுத்துதான் ஜாதகத்தின் நாயகன். முதலில் அதன் பலத்தைப் பாருங்கள், நட்சத்திரங்கள் அப்புறம்.

செயலியில் வேறு விடை வந்தால், அது 'ட்ஸி வெய்' எனும் இன்னொரு சீன ஜோதிட முறையா என்று பாருங்கள். அதிலும் இதே இரு நட்சத்திரங்கள், இதே அட்டவணைதான். ஆனால் அது சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுவதால் வழக்கமாகப் புத்தாண்டன்றுதான் வருடம் மாறும். 1986 பிப்ரவரி 6 அன்று பிறந்தவர் அங்கே எருதுதான்.