லே போகும் முன் கொல்லிமலை ஏற்றிப் பாருங்கள்

"எப்பவாவதுதான் இழுக்க மாட்டேங்குதுண்ணே, மத்தபடி வண்டி நல்லா இருக்கு." மே மாதம் பிறந்தால் நாமக்கல்லில் என் பட்டறைக்கு இப்படி யாராவது வந்துவிடுவார்கள். விசாரித்தால், அடுத்த வாரம் மணாலி வழியாக லடாக்கில் இருக்கும் லே. அந்தப் பாதையில் தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம்மூரில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இருக்கிற டீசல் வண்டிக்கே மூச்சு வாங்கும் இடம். இங்கே எப்பவாவது தலைகாட்டுகிற கோளாறு அங்கே போனால் விடாது.

எடுத்த எடுப்பில் ஃபில்டர், இஞ்செக்டர் என்று மாற்றக் கிளம்பாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவதும் வேண்டாம். ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர், பதிந்து வைத்திருக்கிற கோளாறு எண் (கோடு) அழிந்து போகலாம். இழுவை போகிற அந்த நேரத்தில் வண்டி என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் கோளாறு பிடிபடும். அதற்கு வண்டியை வேண்டுமென்றே சிரமப்படுத்த வேண்டும். எங்களுக்குக் கொல்லிமலை இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பயணத்துக்கு எத்தனை பேர், எவ்வளவு லக்கேஜோ அந்த எடையை ஏற்றி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஏசியையும் போட்டுக்கொண்டு ஏறுங்கள். பைபாஸில் மிதித்துப் பார்க்கலாம்தான், ஆனால் மலை காட்டுவதில் பாதியைக்கூட அது காட்டாது. ஈசியூவில் இருப்பதைப் போனுக்கு அனுப்புகிற ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்றை மாட்டி, பக்கத்தில் இருப்பவர் போனில் பார்க்கட்டும். ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது.

இழுவை போனதும் ஓரமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். சாவியை அணைத்து உடனே போட்டால் பழைய வேகம் வந்துவிடுகிறதா? அப்படியென்றால் ஏதோ ஒரு சென்சார் சொன்னதைக் கேட்டு ஈசியூவே இன்ஜினை அடக்கி வைத்திருந்தது. இதுதான் லிம்ப் மோட். கோடு உள்ளே இருக்கும், படித்துக்கொள்ளுங்கள். சாவியால் சரியாகாமல், பத்து நிமிடம் நின்றால்தான் சரியாகிறது என்றால் டீசல் டேங்க் பக்கமோ, சூட்டில் மக்கர் பண்ணுகிற சென்சார் பக்கமோ போக வேண்டும்.

அடுத்தது புகை. மிதித்தால் கறுப்பாகத் தள்ளுகிறது, இழுவை இல்லை என்றால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், அப்புறம் டர்போவில் இருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். அதன் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அங்கே விரிசலைத் தேடுங்கள். நிற்கும்போது மூடியிருக்கும், பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், ஏறும்போது மட்டும் வாயைத் திறக்கும். அதனால்தான் எத்தனை பேர் பார்த்தாலும் கிடைப்பதில்லை. டர்போவை வாக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் விசையால்) கட்டுப்படுத்துகிற வண்டியானால் பென்சில் பருமன்கூட இல்லாத அந்தச் சின்ன ஹோஸ்களையும் நுனிவரை பாருங்கள். சூட்டில் நுனி வெடித்து, டர்போ போச்சு என்று வருகிற வண்டிகள் உண்டு. புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் இதே கறுப்புப் புகைதான்.

புகையே இல்லாமல் அடங்குகிறது என்றால் டீசல் வரத்தைச் சந்தேகியுங்கள். போனில் ரெயில் பிரஷரை (இஞ்செக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தத்தை) பாருங்கள்; ஈசியூ கேட்கிற அளவும் உண்மையில் இருப்பதும் ஏற்றத்தில் ஒட்டி நடக்க வேண்டும். கேட்பது ஏற ஏற இருப்பது இறங்கினால் டீசல் ஃபில்டரைக் கழற்றி ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் கொட்டுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் இருக்கும் சல்லடையில் குப்பை சேர்ந்தால் ஓடும்போது அடைத்து, நின்றால் விலகிவிடும். பத்து நிமிட ஓய்வில் சரியாகிற வண்டிகளில் இதை மறக்காதீர்கள்.

ஆர்பிஎம் முள் திடீரென்று பூஜ்யத்தில் விழுந்து இன்ஜின் அணைந்து, ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனால், இன்ஜின் சுழற்சியை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மல்டிமீட்டர் அரை வோல்ட் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் வண்டியில், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஸ்கேனரில் பார்த்துவிடுங்கள். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு இது அடைத்துக்கொள்ளும்.

இன்ஜின்மேல் பழி போடும் முன் இரண்டைப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச். இறங்கி வீல்களுக்குப் பக்கத்தில் கையைக் காட்டும்போது ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கோளாறைச் சரி செய்தபின் அதே எடையோடு அதே மலையை மறுபடி ஏற்றுங்கள். காரணமே கிடைக்காமல் ஏதோ தானாகச் சரியானது என்றால் அந்த வண்டியில் லே வேண்டாம், வாடகை வண்டி எடுங்கள். போகிறவர்கள் ஒரு டீசல் ஃபில்டர், ஒரு முழம் வாக்குவம் ஹோஸ், நாலு ஹோஸ் கிளாம்ப், அந்த ஓபிடி அடாப்டர் இவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் மாற்றியபின் டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கிற விதத்தை இங்கேயே ஒருமுறை செய்து பழகிவிட்டுப் போங்கள்.