ஏர் ரைஃபிளில் ட்ரிகர் தானாக விடுகிறதா?

விரல் படாமலே சுடும் ஏர் ரைஃபிளை முதலில் குண்டு இல்லாமல் ஓரமாக வையுங்கள். ஸ்பிரிங் வகையில் பெரும்பாலும் கோளாறு சியர் என்ற கொக்கியில்தான். ஸ்பிரிங் விசையில் காற்றை அழுத்தும் பிஸ்டனை அது போதிய ஆழத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் சிறு அதிர்வே போதும்.

இழுப்பை லேசாக்க யாராவது ட்ரிகர் திருகைத் தொட்டிருந்தால், கையேட்டில் உள்ள தொழிற்சாலை அளவுக்குத் திருப்புங்கள். பிறகு பெல்லட் போட்டு (வெறுமனே சுட்டால் பிஸ்டன் சீல் கெடும்), குழலைக் கனமான மண் தடுப்பை நோக்கி வைத்து, விரலை ட்ரிகரிலிருந்து விலக்கி, தோளில் வைக்கும் கட்டையின் பின்புறத்தை ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். சுட்டுவிட்டால் சியர் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. இரண்டையுமே புதிதாக மாற்ற வேண்டும்.

சியரை அரம் போட்டுத் தேய்க்கவே கூடாது. கடினமாக்கப்பட்ட மேற்பரப்பு மெல்லியது; அது போனால் சில நாளில் மறுபடி வழுக்கும். கெட்டியான பழைய கிரீஸும் சியரை முழுதாக அமர விடாது, ஆகவே அதைத் துடைத்து எடுங்கள்.

சேஃப்டி போட்டிருக்கிறோமே என்று நம்பாதீர்கள்: பல மாடல்களில் அது ட்ரிகரை மட்டும் தடுக்கும், சியரை அல்ல. மடக்கும் குழலில் பெல்லட் வைக்கும்போது மறு கையால் குழலை இறுகப் பிடித்தே இருங்கள். விட்டால் விரல் நசுங்கும். உட்பகுதியைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லையேல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.