எடுத்த படமும் ஒதுக்கிய படமும்: உங்கள் படத்தைப் பற்றி நீங்களே எழுதுவது எப்படி

வேலூர்க் கோட்டைக்குப் போய்ப் படம் எடுத்து வரும் என் மாணவர்கள், படத்தோடு ஒரு குறிப்பும் எழுதித் தர வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "கோட்டையின் கம்பீரத்தையும் வரலாற்றையும் காட்ட நினைத்தேன்." 1806-இல் சிப்பாய்கள் இங்கே கிளர்ந்தெழுந்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேமராவுக்குத் தெரியாது. நினைத்ததை விட்டுவிட்டு, படத்தில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்.

அதற்கு நான் சொல்லித்தரும் வழி ஒன்றுதான். தேர்ந்தெடுத்த படத்துக்குப் பக்கத்திலேயே, அதே இடத்தில் எடுத்து ஒதுக்கிய இன்னொன்றையும் வையுங்கள். இது ஏன் இருக்கிறது, அது ஏன் போனது? தனிப் படத்தைப் பார்த்து எழுதினால் நம்மை நாமே பாராட்டிக்கொள்வோம். இரண்டைப் பார்த்தால் காரணம் சொல்லியே ஆக வேண்டும். அதனால் ஒதுக்கிய படங்களை அன்றைக்கே டெலீட் செய்யாதீர்கள்.

ஒரு மாணவி அகழியை எடுத்து வந்திருந்தார். இரண்டு படத்திலும் மதில், கீழே தண்ணீரில் அதன் பிம்பம். ஒன்றில் தண்ணீர்க்கோடு நட்டநடுவில். இன்னொன்றில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, "மூன்றில் ஒரு பங்கு விதிப்படி எடுத்தேன்" என்று ஒற்றை வரி எழுதியிருந்தார். முக்கியமான கோடு நட்டநடுவில் வராமல் படத்தின் மூன்றில் ஒரு பங்கில் வர வேண்டும் என்பது அந்த விதி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். விதிப்படி எடுத்ததில் பிம்பம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. கொத்தளத்தின் மேல்விளிம்பு தண்ணீருக்குள் வரவே இல்லை. நடுவில் வைத்ததில் மதில் முழுசாகத் தலைகீழாக நின்றது, ஆனால் இடது மூலையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மிதந்தது. அவர் திருத்தி எழுதியது: "பிம்பம்தான் முக்கியம் என்றால் கோடு நடுவில் இருக்கலாம். நான் மூலைகளைப் பார்க்கவில்லை. இன்னும் நாலடி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் பாட்டில் வெளியே போயிருக்கும்." எனக்கு இப்படிப்பட்ட குறிப்புதான் வேண்டும். அடுத்த முறை கால் எங்கே நகர வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது.

டெக்னிக் பற்றி எழுதும்போது "ஷேக் ஆயிடுச்சு சார்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மங்கலுக்குக் காரணம் பல. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர், தரை, ஆள் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால், ஆளின் அசைவுக்கு ஷட்டர் வேகம் (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்து மூடுகிறது என்பது) போதவில்லை. பின்னாலிருக்கும் தூண் கூர்மையாக, ஆள் மட்டும் இழுபடாமல் பொதபொதவென்று இருந்தால் ஃபோகஸ் தூணில் உட்கார்ந்துவிட்டது. பிறகு படத்தின் விவரங்களைத் திறந்து ஷட்டர், அபர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) மூன்றையும் குறிப்பில் எழுதுங்கள். 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் 1/50 நொடியைவிட மெதுவாகப் போகக்கூடாது என்பது பழைய கணக்கு. அது கை அசைவுக்கான கணக்கு மட்டும்தான். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பூ கட்டும் அம்மாவின் விரலை நிறுத்த 1/250 ஆவது வேண்டும்.

அந்த மார்க்கெட் படங்களில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்கலாம். மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் கீழே உட்கார்ந்திருப்பவர் முகமும் நீலம் பாய்ந்து தெரியும். அதை "எடிட்டிங்கில் சரிசெய்தேன்" என்று மட்டும் எழுதாதீர்கள், அந்த நீலம் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். மல்லிகை அழுக்கு வெள்ளையாகத் தெரிந்தால் பூவின் மேல் குறையில்லை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃப்ரேம் நிறைய வெள்ளை இருந்தால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (மீட்டர் சொல்வதைவிடப் படத்தை வெளிச்சமாக்கவோ இருட்டாக்கவோ செய்யும் அமைப்பை) +1 பக்கம் ஏற்ற வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வரி. "லைட் சரியில்லை" என்பது காரணம் ஆகாது. எத்தனை மணி, சூரியன் எந்தப் பக்கம், நிழல் முகத்தில் எங்கே விழுந்தது என்று எழுதுங்கள். அக்னி நட்சத்திர மத்தியானத்தில் வெட்டவெளியில் எடுத்த முகத்தில் கண்குழி இரண்டும் கறுத்திருக்கும். அவரையே ஒரு வேப்பமர நிழலுக்கு அழைத்திருக்கலாமே என்பதும் குறிப்பில் வர வேண்டிய விஷயம்தான்.

அரைப் பக்கம் போதும். முடிந்தால் இரண்டு படத்தையும் மேக்ஸி சைஸில் (4×6 அங்குலம்) பிரிண்ட் போட்டு நோட்டில் ஒட்டிக் கீழே எழுதுங்கள். போன் திரையில் தப்பித்துக்கொள்ளும் மூலைகள் காகிதத்தில் மாட்டிக்கொள்ளும். எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் ஷட்டர், ஐஎஸ்ஓ விவரமெல்லாம் வழியிலேயே கழன்றுவிடும்.