அளவு கொடுத்துத் தைக்கும் ரோமன் பிளைண்டு: எங்கே தவறுகிறோம்?

சாதாரணத் திரைச்சீலை இரண்டு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துவிடலாம். கயிற்றை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் துணித் திரையான ரோமன் பிளைண்டு அப்படியல்ல. பின்புறத்தில் மெல்லிய கம்பிகளைச் செருகி, வளையங்கள் வழியே கயிறு கோத்துத் தைக்கப்படுவதால், அளவு தவறினால் பிரித்துத் தைப்பது கடினம். உங்கள் ஜன்னலுக்கென்றே தைத்ததை எந்தக் கடைக்காரரும் எளிதில் திரும்ப வாங்கிக்கொள்வதும் இல்லை.

ஜன்னலுக்கு அகலம் ஒன்றுதான் என்று நம்புவதிலிருந்தே தவறு தொடங்குகிறது. சிமெண்ட் பூச்சு எங்கும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. என் வீட்டுக் கூடத்து ஜன்னல் மேலே 1203, நடுவே 1198, கீழே 1206 மி.மீ. இருந்தது. சுவரின் குழிவுக்குள் பொருத்துவதானால் மூன்றில் மிகக் குறைந்ததையே எடுக்க வேண்டும். உரசாமல் ஏறி இறங்குவதற்காக ஏறத்தாழ 1 செ.மீ. கழிப்பார்கள்; அதை நீங்களும் கழித்து, தைப்பவரும் கழித்தால், இரு ஓரங்களிலும் வெயில் கோடாக விழும். ஆகவே கொடுப்பது ஜன்னலின் அளவா, பிளைண்டின் அளவா என்பதை எழுதியே கொடுங்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; தச்சர் ‘40 இன்ச் 6 நூல்’ என்றால் அது 40.75 அங்குலம், அதை 40.6 என்று குறித்துக்கொள்வோர் பலர். மில்லிமீட்டரில் எழுதினால் இந்தக் குழப்பமே எழாது.

இறக்கிவிட்ட நிலையை மட்டும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய பிழை. மேலே ஏற்றிய பிறகும் துணி மறைந்துவிடுவதில்லை; மடிப்புகள் அடுக்காகச் சேர்ந்து 20 முதல் 25 செ.மீ. வரை தொங்கும். நான்கடி உயர ஜன்னலில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் தின்றுவிடும். உள்பக்கம் திறக்கும் கொசுவலைக் கதவு இருந்தால், அந்த அடுக்கிலேயே கதவு முட்டி நிற்கும். இத்தகைய ஜன்னல்களுக்குக் குழிவுக்கு வெளியே, சுவரில் சற்று உயரத்தில் பொருத்துவதே நல்லது. பக்கத்துக்கு 8 முதல் 10 செ.மீ. வரை கூடுதல் அகலமும் வேண்டும். ஜன்னலுக்கு மேலே இருப்பது பெரும்பாலும் சுவரைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல் என்பதால், துளையிடச் சாதாரண டிரில் போதாது.

துணியைக் கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்காமல், ஒரு துண்டு வாங்கி வந்து பகலில் ஜன்னல்மேல் பிடித்துப் பாருங்கள். லைனிங் இல்லாத வெளிர்நிறத் துணியில் வெயில் பட்டதும், பின்னாலிருக்கும் கம்பிகள் குறுக்கே வரிவரியாக நிழலாடும். மேற்குப் பார்த்த ஜன்னலில் அதே துணி விரைவில் வெளுத்தும் போகும்; படுக்கையறைக்கு வெளிச்சத்தை அடைக்கும் பிளாக்அவுட் லைனிங்கே ஏற்றது. பருத்தியானால் சுருக்கம் போக நனைத்து உலர்த்திய பிறகு வெட்டச் சொல்லுங்கள். 54 அங்குலத் துணியில் ஐந்தடி ஜன்னலுக்கு ஒட்டு தவிர்க்க முடியாது. அது நடுவில் விழாமல், முழு அகலம் நடுவிலும் சம அளவுத் துண்டுகள் இருபுறமும் வருமாறு தைத்தால் கண்ணை உறுத்தாது. அடுப்பை ஒட்டிய ஜன்னலுக்கு ரோமன் பிளைண்டே வேண்டாம்: தாளிப்பின் எண்ணெய்ப்பிசுக்கு மடிப்புக்குள் ஏறினால் கழற்றித் துவைப்பது பெரும்பாடு.

கயிற்றைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். தொங்கும் கயிற்று வளையம் சிறு குழந்தையின் கழுத்தை இறுக்கக்கூடும். கயிற்றைச் சுற்றிவைக்கும் கொக்கி தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். தொட்டிலோ கட்டிலோ அந்த ஜன்னலடியில் கிடக்கக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் கயிறில்லாத வகையையே கேட்டு வாங்குங்கள்.