பெருந்திட்டத்துக்கு ஆட்சேபணை எழுதுவது எப்படி: பெங்களூரு புறநகர்த் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, வாடகை கட்டுப்படியாகாமல் சந்தாபுரா, அத்திப்பள்ளி, சர்ஜாபுரா பக்கம் மனை வாங்கிக் குடியேறி வருகின்றன. அங்கே எது வீடாகும், எது சாலையாகும், எது ஏரிக்கென விடப்படும் என்பதைப் பெருந்திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடம் முடிவுசெய்கிறது. அது திருத்தப்படும்போது ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்போர் தவறாமல் தங்கள் கோரிக்கையைச் சேர்ப்பித்துவிடுகிறார்கள். முப்பதுக்கு நாற்பது மனையில் குடியிருப்போர் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. எழுதும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

முதலில் உங்கள் பகுதி யாருடைய திட்டத்துக்குள் வருகிறது என்று பாருங்கள். நகரப் பகுதிக்கு, 2015-ஐ இலக்காண்டாகக் கொண்டு 2007-இல் ஒப்புதல் பெற்ற ‘2015 திருத்திய பெருந்திட்டம்’ வெகுகாலமாக நீடித்துவருகிறது. 2017 நவம்பரில் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் (பி.டி.ஏ.) வெளியிட்ட 2031-க்கான வரைவு பின்னர் கைவிடப்பட்டது. 2025-இல் நடைமுறைக்கு வந்த கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்டம் நகரத் திட்டமிடலைப் புதிய ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. ஆனால் சந்தாபுராவும் அத்திப்பள்ளியும் ஆனேக்கல் திட்டமிடல் ஆணையத்தின் கீழ் வருபவை. அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டுச் சட்டம்.

அடுத்து, வருவாய்த் துறை நிலத்துக்குத் தந்துள்ள சர்வே எண். லேஅவுட் படத்திலுள்ள மனை எண் இதற்கு உதவாது. கிராமம், ஹோப்ளி (தாலுகாவின் உட்பிரிவு), தாலுகா, சர்வே எண் ஆகிய நான்கும் வேண்டும். கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் அந்த இடத்தைத் தொட்டால் இவை கிடைக்கும். பிறகு அந்த எண்ணுக்குரிய ஆர்.டி.சி.யை, அதாவது நிலத்தின் உரிமை விவரம் அடங்கிய வருவாய்ப் பதிவேட்டு நகலை, எடுத்துப் பரப்பளவுக் கட்டத்தைப் பாருங்கள். மொத்த ஏக்கர், குண்டே (ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு) கணக்குக்கு அடியில் ஏ கராப், பி கராப் என்று இரண்டு வரிகள் இருக்கும். ஏ கராப் என்பது சாகுபடிக்கு உதவாத நிலம். பி கராப் என்பது வண்டிப்பாதை, ஓடை போன்ற பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கியது. பி கராப்பில் ஐந்து குண்டே என்று எழுதியிருந்து, நேரில் போய்ப் பார்க்கும்போது அந்த ஐந்து குண்டேயும் ஒரு லேஅவுட்டின் மதில் சுவருக்குள் இருந்தால், உங்கள் மனுவுக்கு அதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. கன்னடம் வாசிக்கத் தெரியாதவர்கள் தெரிந்த அண்டை வீட்டாரை உடன் வைத்துக்கொண்டு படியுங்கள். தரகரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள்.

வரைவுத் திட்டம் வெளியானதும் கருத்துச் சொல்ல, 1961-ஆம் ஆண்டின் கர்நாடக நகர, ஊரமைப்புச் சட்டம் 60 நாள் தருகிறது. அப்போது செய்தித்தாள்களும் அதைப் பற்றி எழுதும். பலர் கவனிக்காமல் விடுவது அதே சட்டத்தின் 14-ஏ பிரிவு. முடிவான திட்டத்தில் ஒரு குறிப்பிட்ட நிலத்தை மட்டும் வேளாண்மையிலிருந்து குடியிருப்புக்கோ, குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கோ மாற்ற அது வழிவிடுகிறது. அதற்கு நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபிக்கக் குறைந்தது 15 நாள் விட வேண்டும். பொடி எழுத்தில் வந்துபோகும் அத்தகைய அறிவிப்புகளின் வழியாகத்தான் திட்டம் துண்டு துண்டாகக் கரைகிறது; இந்த நகரத்தின் வளர்ச்சி அரசியலில் மிகக் குறைவாகக் கேள்வி கேட்கப்படும் இடம் இதுவே என்பது என் உறுதியான எண்ணம். குடியிருப்போர் சங்கத்தில் ஒருவராவது அறிவிப்புப் பக்கத்தை நாள்தோறும் பார்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

மனுவில் ஒரே ஒரு மாற்றத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ஊரே பாழாகிறது என்று பொதுவாக எழுதினால் அதிகாரி பதில் சொல்லக் கடமைப்பட மாட்டார். ‘இன்ன சர்வே எண்ணை வேளாண் மண்டலத்திலிருந்து குடியிருப்பு மண்டலமாக்குவதை ஆட்சேபிக்கிறேன், அதன் கிழக்கெல்லையில் கிராம வரைபடம் காட்டும் ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஓடுகிறது, மேலேயுள்ள ஏரி நிரம்பினால் நீர் இறங்க வேறு வழியில்லை’ என்று எழுதி, கிராம வரைபட நகல், ஆர்.டி.சி., தேதியிட்ட புகைப்படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். ஏரிக்கரையிலிருந்து 75 மீட்டர் விட வேண்டும் என்ற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் 2016 உத்தரவைக் காட்டாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை ரத்துசெய்துவிட்டது. நடப்பிலுள்ள திட்டம் சொல்லும் அளவையே எழுதுங்கள்.

குடிநீர் எங்கிருந்து வரும் என்றும் கேளுங்கள். 2007-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்குக் காவிரி நீர் தரும் ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் டேங்கருக்கும் போர்வெல்லுக்கும் செலவழித்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். ஆகவே குழாய் இணைப்பு உறுதியாகும்வரை லேஅவுட்டுக்கு ஒப்புதல் தரக்கூடாது என்று கோருவதில் தவறேதுமில்லை.

தம் வீடே ரெவென்யூ சைட்டில், அதாவது முறையான ஒப்புதலின்றி வேளாண் நிலத்தில் பிரித்த மனையில், இருப்பதால் மனுப் போட அஞ்சுவோர் உண்டு. அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. விதிமீறிய மனைகளையும் கட்டடங்களையும் கட்டணம் வாங்கி முறைப்படுத்தும் ‘அக்ரம சக்ரம’ திட்டத்தையும் உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் நிறுத்திவைத்துவிட்டது. ஆனாலும் ஆட்சேபணை தெரிவிக்க ஏ கட்டா (விதிப்படி அமைந்த சொத்துக்குத் தரப்படும் பதிவு) வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தனியாகக் கையெழுத்திடத் தயங்கினால் சங்கத்தின் பெயரில் கொடுக்கலாம்.

மனுவைக் கன்னடத்தில் இரண்டு பிரதிகள் எடுத்து நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரையிட மறுத்தால் அன்றே சேர்ப்பித்ததற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டி, அந்தச் சர்வே எண்ணுக்குரிய கோப்புக் குறிப்புகளின் நகலையும், உங்கள் ஆட்சேபணை ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டிருந்தால் என்ன காரணத்தால் என்பதையும் கேளுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும்.